வெள்ளை டின்னர் ஜாக்கெட்: திரையில் வரும் உளவாளிக்கு எப்போது பொருந்தும்?

1964-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘கோல்டுஃபிங்கர்’-இன் முதல் சில நிமிடங்களை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்புறம் இதைப் படிக்கலாம். இரவு நேரம். தண்ணீரில் ஒரு கடற்புறா மிதந்து வருகிறது. அது பொம்மை, அதற்குக் கீழே பாண்டாக நடிக்கும் ஷான் கானரியின் தலை. கரையேறுகிறார், சுவரைத் தாண்டுகிறார், காவலாளியை வீழ்த்துகிறார், பெரிய எண்ணெய்த் தொட்டிபோலத் தெரிகிற இடத்துக்குள் மறைந்திருக்கும் போதைமருந்துக் கூடத்தில் வெடிமருந்தை வைக்கிறார். வெளியே வந்து முக்குளிப்பு உடுப்பின் ஜிப்பை இழுக்கிறார். உள்ளே தும்பைப்பூ மாதிரி ஒரு டின்னர் ஜாக்கெட், அதாவது இரவு விருந்துக்குப் போடுகிற கோட்டு. சிவப்புக் கார்னேஷன் பூ ஒன்றை எடுத்துக் கோட்டில் செருகிக்கொண்டு மதுக்கூடத்துக்குள் நடந்து போகிறார். சிகரெட் பற்றவைக்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே வெடிக்கிறது. எல்லோரும் பதறி ஓடுகிறார்கள்; அவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறார்.

அந்த ஜாக்கெட்டுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. பொட்டு அழுக்குக்கூடப் படாத வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிற ஆள் பத்து நிமிடத்துக்கு முன்னால் சுவரேறிக் குதித்திருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? மாலையிலிருந்து இங்கேயேதான் உட்கார்ந்திருந்தான் என்று அந்தத் துணியே சாட்சி சொல்லிவிடுகிறது. வெள்ளை டின்னர் ஜாக்கெட்டைப் பற்றி நான் கற்றுக்கொண்டது எல்லாம் இந்தக் காட்சியிலிருந்து கிளைத்ததுதான். விருந்தாளியாக நுழைகிற இரவில் உளவாளிக்கு வெள்ளை. திருடனாக நுழைகிற இரவில் கறுப்பு, அல்லது கறுப்புக்குப் பக்கத்தில் போகிற இருண்ட நீலம்.

குறும்படம் எடுப்பவர்கள், மேடை நாடகத்துக்கு உடை பார்ப்பவர்கள், உளவாளிக் கதையில் நாயகனை நேர்த்தியாகக் காட்ட நினைப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். முதல் தடவை செய்பவர்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்: எந்தக் கடையில் துணி வாங்கலாம்? அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நாலு இருக்கின்றன.

முதலில் ஊரைப் பாருங்கள்

வெள்ளை டின்னர் ஜாக்கெட் வெப்பத்துக்குப் பிறந்த உடை. இரவு விருந்துக்குக் கறுப்புக் கோட்டு என்பது இங்கிலாந்தின் வழக்கம். அந்த வழக்கத்தோடு வெப்பநாடுகளுக்கும் கடலோர ஊர்களுக்கும் போனவர்கள் புழுக்கம் தாங்காமல் வெளிர் நிறத்துக்கு மாறினார்கள். 1930-களில் இது நாகரிகமாகவே ஆகிவிட்டது. கப்பல் பயணம், வெப்பமண்டலம், கடற்கரை விடுதி, அமெரிக்காவில் கோடைக்காலம் – இவைதான் இதன் இடங்கள். லண்டனில் பழைய வழக்கப்படி இதைப் போட மாட்டார்கள்.

பாண்ட் படங்களை வரிசையாகப் பார்த்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வருகிறது. 1962-இல் ‘டாக்டர் நோ’ படத்தில் லண்டன் சூதாட்ட விடுதியில் பாண்ட் முதன்முதலாக அறிமுகமாகும்போது இருண்ட நீல டின்னர் ஜாக்கெட். ‘கோல்டுஃபிங்கர்’ தொடக்கக் காட்சி லத்தீன் அமெரிக்காவில் நடக்கிறது, வெள்ளை. 1971-இல் பாலைவன நகரமான லாஸ் வேகாஸில் கானரி மறுபடி வெள்ளை போட்டார். 1974-இல் தாய்லாந்தில் பின்னால் பாண்டாக வந்த ரோஜர் மூர், 1983-இல் உதய்ப்பூரில் அவரே. 2015-இல் ‘ஸ்பெக்டர்’ படத்தில் மொராக்கோ ரயிலில் டேனியல் கிரெய்க். எல்லாமே வெயில் ஊர்கள்.

விதிக்கு வெளியே நிற்பது 1985-இல் வந்த ‘எ வியூ டு எ கில்’. பாரிஸுக்கு வடக்கே ஷான்டியி அரண்மனைத் தோட்டத்தில் மாலை விருந்து. மூர் வெள்ளை ஜாக்கெட்டில் வருகிறார். அந்த ஊருக்கு அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் அங்கே பாண்டாக வரவில்லை. பந்தயக் குதிரை வாங்க வந்த பணக்காரராகப் பொய்ப்பெயரில் வருகிறார். கையில் காசு புரளும் மனிதர் கொஞ்சம் மிகையாக உடுத்துவது அந்த வேடத்துக்குப் பொருந்துகிறது. விதியை மீறத்தான் வேண்டும் என்றால் இப்படி ஒரு காரணம் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

உங்கள் கதை ஊட்டியில் டிசம்பர் மாத இரவில் நடந்தால் வெள்ளையை விட்டுவிடுங்கள். கடலோரத்தில் நடந்தால் தாராளமாக யோசிக்கலாம்.

அடுத்தது நேரம்

இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. டின்னர் ஜாக்கெட் மாலை ஆறு மணிக்கு மேல் போடுவது. வெள்ளையாக இருப்பதால் பகல் கோட்டு என்று நினைத்து மதியக் காட்சியில் மாட்டிவிடாதீர்கள். பகலில் வெளிர் நிற சூட் வேறு, டின்னர் ஜாக்கெட் வேறு.

அந்த இரவில் அவனுக்கு என்ன வேலை?

இதுதான் முக்கியமான கேள்வி. ஊரும் நேரமும் சரியாக இருந்தும் இந்தக் கேள்வியில் வெள்ளை தோற்றுப்போகலாம். 2012-இல் ‘ஸ்கைஃபால்’ படத்தில் மக்காவ் சூதாட்ட விடுதிக்குப் படகில் போகும் காட்சி நினைவிருக்கிறதா? மக்காவ் வெப்பமான ஊர். வெள்ளை போட்டிருக்கலாம். ஆனால் கிரெய்க் இருண்ட நீலத்தில் வருகிறார். சுற்றிலும் விளக்குகள், பொன்னிறம், சிவப்பு. அந்த ஒளிக்கு நடுவே அவர் ஓர் இருண்ட உருவமாக நகர்கிறார். ஆபத்து காத்திருக்கிறது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அங்கே வெள்ளை போட்டிருந்தால் உல்லாசப் பயணி மாதிரி ஆகியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆக, காட்சியைப் படித்துவிட்டு உங்களையே கேளுங்கள்: இவன் பார்க்கப்பட வேண்டியவனா, பார்க்கப்படக் கூடாதவனா? சீட்டாட்ட மேசையில் வில்லனைச் சீண்ட வந்திருக்கிறான், நடன அரங்கில் ஒரு பெண்ணோடு பேச வந்திருக்கிறான், தூதரக விருந்தில் எல்லோர் கண்ணிலும் பட்டு ‘நான் இங்கேதான் இருந்தேன்’ என்று பெயர் பண்ண வந்திருக்கிறான் என்றால் வெள்ளை. மாடிக் கைப்பிடியில் தொங்க வேண்டும், தோட்டத்துப் புதர் வழியாகப் போக வேண்டும் என்றால் கறுப்பு.

இரண்டும் சேர்ந்து வந்தால்? அதற்குத்தான் உதய்ப்பூர். ‘ஆக்டோபுஸி’ படத்தில் ரோஜர் மூர் வெளிர் ஜாக்கெட்டில் அமைதியாக உட்கார்ந்து வில்லன் கமல் கானோடு பேக்கமன் என்ற தாயக்கட்டை ஆட்டம் ஆடுகிறார். கமல் கான் ஏமாற்றுத் தாயக்கட்டையை வைத்து ஜெயித்துக்கொண்டிருப்பவன். பாண்ட் அதே கட்டையை எடுத்து உருட்டி அவனைத் தோற்கடிக்கிறார். கமல் கானின் மெய்க்காப்பாளராக வரும் கபீர் பேடி அந்தக் கட்டைகளைக் கைக்குள் வைத்துப் பொடியாக நொறுக்குகிறார். கொஞ்ச நேரத்தில் அதே ஜாக்கெட்டோடு பாண்ட் ஓர் ஆட்டோவுக்குள் இருக்கிறார். ஓட்டுபவர் நம்ம சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ். டென்னிஸ் வீரர்; படத்திலும் அவர் பெயர் விஜய்தான், துரத்தி வருபவர்களை அடிப்பதும் டென்னிஸ் மட்டையால்தான். கடைத்தெரு, ஒட்டகம், ஆணிப் படுக்கை என்று அந்தத் துரத்தல் போகிறது. ஒரு கத்திக்குத்து ஜாக்கெட்டுக்குள் இருந்த நோட்டுக்கட்டில் பட்டு நிற்கிறது.

இந்தக் காட்சியில் வெள்ளை இரண்டு வேலை செய்வதைக் கவனியுங்கள். விடுதிக்குள் அது கண்ணியம். தெருவில் அது குறி. அத்தனை கூட்டத்திலும் பாண்ட் எங்கே இருக்கிறார் என்று நம் கண் தேட வேண்டியதே இல்லை, துரத்துகிறவர்களுக்கும் அப்படித்தான். விருந்தாளியாக நுழைந்தவனை அடிதடிக்குள் இழுத்துவிடும் கதை என்றால், வெள்ளை ஜாக்கெட் உங்களுக்குப் பாதி வசனத்தை மிச்சம் பண்ணிக் கொடுக்கும். ஒவ்வொரு கறையும் நடந்ததைச் சொல்லும்.

எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்?

இதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1965-இல் வந்த ‘தண்டர்பால்’ பஹாமாஸில் நடக்கிறது. வெள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? ஆனால் சூதாட்ட மேசையில் வெள்ளை போட்டிருப்பவன் வில்லன் லார்கோ. பாண்ட் இருண்ட நீலத்தில் இருக்கிறார். அந்த ஊர் லார்கோவின் இடம், அவன் வீட்டுக்காரன். பாண்ட் வெளியிலிருந்து வந்தவர். யாரும் வாயைத் திறக்காமலே அது நமக்குப் புரிகிறது. ஒரு மேசையில் ஒரு வெள்ளை போதும். இரண்டு பேருக்கும் கொடுத்தால் இருவரும் ஒரே வாத்தியக் குழுவில் வாசிப்பவர்கள் மாதிரி ஆகிவிடும்.

பணியாளர்களையும் பாருங்கள். வெப்ப ஊர் விடுதிகளில் பரிமாறுபவர்களும் வெள்ளைக் கோட்டுதான் போடுவார்கள். உங்கள் நாயகன் கையில் தட்டு இல்லாத சர்வர்போல நிற்கக் கூடாது. பரிமாறுபவர்களுக்கு வேறு நிறம் கொடுங்கள், அல்லது கழுத்து மூடிய கோட்டு கொடுங்கள்.

இந்த நாலு கேள்விக்கும் வெள்ளை என்றே பதில் வந்தால், இப்போது துணிக்கடைக்குப் போகலாம்.

நிறம்: வெள்ளை என்று கேட்டு வெள்ளை வாங்காதீர்கள்

மேலே தும்பைப்பூ மாதிரி என்று சொன்னேன். திரையில் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். ‘வெள்ளை டின்னர் ஜாக்கெட்’ என்று பெயர் இருந்தாலும் நல்ல ஜாக்கெட்டுகள் எல்லாம் தந்த நிறம். கடையில் ‘ஆஃப் ஒயிட்’ அல்லது ‘க்ரீம்’ என்று கேட்க வேண்டும். காரணம் உள்ளே போடும் சட்டை. சட்டைதான் பளிச்சென்ற வெள்ளையாக இருக்க வேண்டும். ஜாக்கெட்டும் அதே வெள்ளை என்றால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, ஆளைப் பார்த்தால் மருத்துவமனை ஊழியர் நினைவு வரும். காமிராவுக்கும் கஷ்டம். முகத்துக்கு ஒளி சரியாக வைத்தால் தூய வெள்ளைத் துணி வெளுத்துப்போய், மார்பின் மேல் மடிந்து விழும் லேப்பலும் பட்டனும் காணாமல் போகும்.

ஒரு குறும்படத்துக்காக நானே இதில் சறுக்கினேன். கடையின் டியூப்லைட்டில் அழகான தந்த நிறமாகத் தெரிந்த துணி, படப்பிடிப்பில் மஞ்சள் பல்புகளுக்குக் கீழே வெண்ணெய் நிறமாகிவிட்டது. பழைய புத்தகத் தாளைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தார் நடிகர். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மூன்று நான்கு துணிகளிலிருந்து கையகலத் துண்டு வாங்கி வருவேன். நடிகர் போடப்போகும் சட்டையின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, காட்சியில் எந்த விளக்கு எரியுமோ அந்த விளக்குக்குக் கீழே போனில் படம் எடுப்பேன். சட்டை சட்டையாகத் தெரிய வேண்டும், கோட்டு கோட்டாகத் தெரிய வேண்டும், கோட்டைப் பார்த்தவர் ‘வெள்ளை’ என்றும் சொல்ல வேண்டும். மூன்றும் நடக்கிற துண்டுதான் உங்கள் துணி.

லினன் காற்றோட்டமானது, ஆனால் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். தொடர்ச்சி பார்க்கிற உதவி இயக்குநர் அழுதுவிடுவார். மெல்லிய கம்பளி கலந்த துணி கிடைத்தால் அதையே எடுங்கள். மடிப்பு விழுந்தாலும் தொங்கவிட்டால் நேராகிவிடும்.

டெய்லரிடம் என்ன சொல்ல வேண்டும்

கறுப்பு டின்னர் ஜாக்கெட்டின் லேப்பலில் பளபளக்கிற பட்டுத் துணி வைத்துத் தைப்பார்கள். டெய்லர்கள் அதே பழக்கத்தில் வெள்ளைக்கும் கறுப்பு சாட்டின் லேப்பல் வைத்துவிடுவார்கள். வாடகைக் கடைகளில் தொங்குவது பெரும்பாலும் அந்த ரகம்தான். திருமண வரவேற்பு மாப்பிள்ளைக்கு அது சரி, உளவாளிக்கு வேண்டாம். பழைய முறைப்படி வெள்ளை ஜாக்கெட்டின் லேப்பல் அதே துணியில்தான் இருக்கும். ‘கோல்டுஃபிங்கர்’ ஜாக்கெட்டும் அப்படித்தான்: டெய்லர் ஆன்டனி சின்க்ளேர் கானரிக்குத் தைத்த கோட்டில் கூர்முனை லேப்பல், அதே தந்த நிறத் துணி. அதனால் பார்வை கோட்டில் சிக்காமல் நேரே முகத்துக்குப் போகிறது. நடுவே கறுப்பாக இருப்பது பட்டாம்பூச்சி வடிவில் கட்டும் போ டை மட்டும்.

முன்பக்கம் ஒரே பட்டன், அதுவும் இடுப்பு ஒடுங்கும் இடத்தில். பட்டன் முத்துச்சிப்பியில் இருக்கட்டும், அல்லது அதே துணியால் மூடியதாக இருக்கட்டும். இரட்டை வரிசை பட்டன் வைத்ததும் உண்டு. 1974-இல் மூர் போட்டது அந்த வகை. அகன்ற தோளும் உயரமும் உள்ள நடிகருக்கு அது எடுப்பாக இருக்கும். மற்றவர்களுக்கு ஒற்றை வரிசையே நல்லது.

லைனிங் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வெளிர் துணிக்கு உள்ளே இருப்பதெல்லாம் நிழலாகத் தெரியும். பாக்கெட்டில் வைத்த கறுப்புப் பர்ஸ் தெரியும். அதைவிட மோசம், தோளில் மாட்டிய துப்பாக்கி உறையின் வார் முதுகுப் பக்கம் கோடு போட்ட மாதிரி தெரியும். ரகசியமாக ஆயுதம் வைத்திருப்பவன் என்று கதை சொல்கிறது, கோட்டோ ஊருக்கே அறிவிக்கிறது! முழு லைனிங் போடச் சொல்லுங்கள். ட்ரையலுக்குப் போகும்போதே துப்பாக்கி உறையை மாட்டிக்கொண்டு போங்கள். இடது கை அக்குளுக்குக் கீழே கொஞ்சம் தளர்வு தேவைப்படும். அதை டெய்லர் ஊகிக்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கூட வருபவை

பேன்ட் கறுப்பு. வெளித் தையலில் ஒரு பட்டை ஓட வேண்டும். வெள்ளை பேன்ட் வேண்டவே வேண்டாம். அந்த நொடியே அவன் கப்பல் கேப்டனாகிவிடுவான். சட்டை வெள்ளை, மடக்கிய காலர், முன்பக்கம் மடிப்புகளோ புடைத்த நெசவோ இருக்கலாம். போ டை கறுப்பு, கையால் கட்டியதாக இருக்கட்டும். இரவு முடிந்து அவன் அதை அவிழ்த்துக் கழுத்தில் தொங்கவிடுகிற காட்சி எழுதியிருந்தால், கொக்கி வைத்த ரெடிமேட் டை உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இடுப்பில் கறுப்புக் கம்மர்பண்ட், அதாவது மடிப்பு வைத்த அகலமான துணிப் பட்டை, கட்டலாம். ஜாக்கெட் திறக்கும்போது சட்டையும் பேன்ட்டும் சேரும் இடத்தை அது மறைக்கும். ‘ஸ்பெக்டர்’ ரயில் காட்சியில் கிரெய்க் கட்டியிருப்பதைப் பாருங்கள். மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டிய நடிகர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஷூ கறுப்பு, பளபளப்பு.

பூ பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. தந்த நிறத்தின் மேல் சிவப்புக் கார்னேஷன் அளவுக்குப் பேசுகிற நிறம் வேறில்லை. கறுப்பு டையும் சிவப்புப் பூவும் தவிர வேறு நிறமே இல்லாத அந்த மார்புப் பகுதியை நம் கண் மறக்காது. ஆனால் அதை ஊசி குத்தி மாட்டக் கூடாது. லேப்பலில் உண்மையான பட்டன் துளை போடச் சொல்லுங்கள். தைத்து மூடிய பொய்த் துளை போதாது. துளைக்குள் பூவின் பச்சைப் புல்லி இறங்கி உட்கார வேண்டும். லேப்பலின் பின்பக்கம் காம்பைப் பிடித்துக்கொள்ள நூலில் ஒரு சிறு வளையம். அப்போதுதான் நடிகர் ஒரே அசைவில், கானரி செய்வதுபோல, பூவைச் செருக முடியும். பூ இருந்தால் மார்புப் பாக்கெட்டில் வண்ணக் கைக்குட்டை வேண்டாம். விளக்குச் சூட்டில் இதழ் ஓரம் கருகும், ஆகவே ஈரப் பஞ்சில் வைத்த பூ ஐந்தாறு கைவசம் இருக்கட்டும்.

படப்பிடிப்பு அன்று

வெள்ளை ஜாக்கெட்டின் முதல் எதிரி வில்லன் அல்ல, மேக்கப். நடிகர் கழுத்தில் பூசியது காலரின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். டேக் வரைக்கும் டிஷ்யூ தாளைக் கழுத்தைச் சுற்றிச் செருகி வையுங்கள். ஜாக்கெட்டைக் கடைசியில் மாட்டுங்கள், கட் சொன்னதும் கழற்றுங்கள். காபி, டீ, மதியச் சாப்பாடு எதுவும் அதோடு கூடாது. உட்காருவதற்கு முன் நாற்காலியைத் துடைப்பதற்கு ஓர் ஆளை நியமித்தாலும் தப்பில்லை.

சண்டைக் காட்சி இருந்தால் ஒரே துணிச் சுருளிலிருந்து குறைந்தது மூன்று ஜாக்கெட் தைக்க வேண்டும். சுத்தமானது ஒன்று, பாதி அழுக்கானது ஒன்று, கிழிந்தது ஒன்று. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த சுருளின் நிறம் ஒரு நூல் மாறும். கறுப்பில் அது யாருக்கும் தெரியாது, தந்த நிறத்தில் கண்டிப்பாகத் தெரியும். கிழிக்கிற ஜாக்கெட்டை எடுத்த எடுப்பில் கிழிக்காதீர்கள். முதலில் சுத்தமான ஜாக்கெட்டில் விருந்துக் காட்சிகள் எல்லாவற்றையும் முடியுங்கள், போட்டோக்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் கத்தி, ரத்தம், ஆட்டோ எல்லாம்.

எல்லாம் தயாரானதும் நடிகரை உடையோடு அரை மணி நேரம் சும்மா இருக்க விடுங்கள். ஜாக்கெட் அழுக்காகிவிடுமோ என்று கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நிற்பார். உட்காரச் சொல்லுங்கள், கிளாஸ் எடுக்கச் சொல்லுங்கள், யாரோடாவது பேசச் சொல்லுங்கள். கோட்டைப் பற்றிய நினைப்பே இல்லாமல் அவர் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகிற நேரம் ஒன்று வரும். அப்போது காமிராவை ஓட விடுங்கள்.